எங்கள் தாத்தா தரையைத் தூக்கிய கதை

கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடெல்லாம் கண்ணாடி தேடுகிற நிலைக்கு வந்துவிட்டோம், என் வகுப்புக்காரர்களே. வயது முப்பதைக் கொஞ்சம்தான் தாண்டியிருக்கிறது என்று நீங்கள் சண்டைக்கு வருவீர்கள். வாருங்கள். ஆனால் நம் பிள்ளைகள் கேட்கிற கேள்வியைப் பாருங்கள். "அந்தக் காலத்துல சுனாமி வந்த நேரம் நீங்க இரிந்தீங்களா உம்மா?" அந்தக் காலமாம். நேற்று நடந்ததுபோல் இருக்கிற ஒன்றுக்கு நாம் பழைய ஆட்களாகிவிட்டோம்.

அந்த வருஷத்தைப் பற்றிக் கதைக்கும்போது நாம் எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம். தாழ்த்த வேண்டியதுதான். நம் வகுப்பில் எத்தனை கதிரைகள் காலியாயின என்று நமக்குத் தெரியும். ஆனால் அதே வருஷத்தில், அகதி முகாமில், நாம் ஒரு தரம் ஜெயித்தோம். அதை ஒருவரும் சொல்வதில்லை. நான் சொல்லப் போகிறேன், குரலைத் தாழ்த்தாமலே சொல்லப் போகிறேன்.

வேறு ஊர்க்காரர்கள் யாராவது இதை வாசித்தால் அவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் வீட்டில் தாத்தா என்றால் மூத்த சகோதரி. கல்முனைப் பக்கம் ராத்தா என்று கூப்பிடுகிற வீடுகளும் உண்டு. எங்களுக்குத் தாத்தாதான். இந்தச் சொல் பின்னால் செய்த வேலையைப் பாருங்கள்.

எங்கள் வீடு பெரிய றோட்டுக்குக் கடல் பக்கம் இருந்தது. உண்மையில் அது தாத்தாவின் வீடு. நம் ஊரில் பெண்பிள்ளை பிறந்தால் அவள் பெயருக்கு ஒரு வீடு எழும்ப வேண்டும். தாத்தா பிறந்த காலத்திலிருந்து வாப்பா கடலில் உழைத்ததெல்லாம் கல்லாகவும் சீமெந்தாகவும் அந்த வளவில் இறங்கியது. சுவர் பூசி முடித்து, நீல நிறக் கதவு போட்டு, இனி மாப்பிள்ளை வர வேண்டியதுதான் என்று உம்மா சொல்லிக்கொண்டிருந்த வருஷம் அது. கடல் வந்து போன பிறகு நாங்கள் போய்ப் பார்த்தபோது அடித்தளம் மட்டும் இருந்தது. அதன்மேல் யாருடையதோ ஒரு தையல் மெசின் குப்புறக் கிடந்தது.

எங்கள் பொருளில் மிஞ்சியது ஒரு பன்பாய், கோரைபோன்ற பன் புல்லில் பின்னுவது. தாத்தாவின் கலியாணத்துக்கென்று உம்மா சொல்லிப் பின்னுவித்த பாய். சிவப்பும் பச்சையும் மஞ்சளும் கலந்தது, மாப்பிள்ளை வீட்டார் வந்தால் விரிக்க என்று சுருட்டி வைத்திருந்தது. அது நான்கு வளவு தள்ளி ஒரு தென்னையின் அடியில் சுற்றிக் கிடந்தது. உப்புத் தண்ணீரில் ஊறி வெயிலில் காய்ந்ததில் பலகைபோல விறைத்துவிட்டது. சுருட்ட முடியவில்லை. வாப்பா அதை நிமிர்த்தித் தலையில் வைத்துக்கொண்டு முகாம் வரைக்கும் நடந்தார். றோட்டிலே போனவர்கள் கதவு கொண்டு போகிறார் என்று நினைத்தார்கள்.

முகாம், றோட்டுக்கு மேற்கே இருந்த ஒரு பள்ளிக்கூட வளவு. நினைவிருக்கிறதா, அந்தக் கூடாரங்களின் மணம்? வெயில் ஏறினால் தாறும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து வேகிற மணம், அதற்குமேல் குளோரின், அதற்குமேல் ஒவ்வொரு பகலும் அதே பருப்பு. நிவாரணத்தில் வந்த சட்டைகள். எனக்குக் கிடைத்ததில் முதுகில் ஏதோ ஒரு நாட்டுப் பந்தாட்டக் கழகத்தின் பெயர் எழுதியிருந்தது. உங்களில் ஒருவருக்கு மணப்பெண் கையுறை கிடைத்தது. பெயர் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள்.

இவை எல்லாவற்றையும்விட, ஓட்டம். எங்கேயோ ஒருவர் "கடல் வருது" என்றால் போதும், முழு முகாமும் எழுந்து மேற்கே ஓடும். லொறியின் பிறேக் சத்தத்துக்கு ஓடினோம். மழைக்கு ஓடினோம். நாய் குரைத்ததற்கும் ஓடினோம். பெரியவர்கள் கடல் பொங்கியது என்று சொன்னார்கள். பால் பொங்குவதுபோல அடியில் நெருப்பு எரிந்து பொங்கியதாம், நெருப்பு இன்னும் அணையவில்லையாம், எந்த நிமிஷமும் மறுபடி பொங்குமாம். பொங்குகிற பாலுக்கு நேரம் காலம் உண்டா? ஆகையால் ஒருவரும் செருப்பைக் கழற்றிவிட்டு இருப்பதில்லை.

தாத்தாவுக்கு அந்த வருஷம் உயர்தரச் சோதினை, பல்கலைக்கழகத்துக்குப் போக எழுதுகிற பரீட்சை. புவியியல் அவளுக்கு உயிர். புத்தகம், கொப்பி எல்லாம் கடலோடு போயின. எல்லாம் போன பிறகு அவள் ஒரு வேலை செய்தாள். மறந்து போவதற்கு முன்னால் எல்லாவற்றையும் வாயால் சொல்லிப் பார்ப்பது என்று தீர்மானித்தாள். காலையில் எழுந்தால் ஆறுகள், பகலில் காற்றுகள், பின்னேரம் பூமியின் உள்ளமைப்பு. கூடாரத்தின் மூலையில், அந்த விறைத்த பாயின் மேல் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள்.

புவியின் மேற்புறத்தைப் பாடத்தில் புவியோடு, அதாவது பூமியின் ஓடு, என்பார்கள் அல்லவா? அதுதான் வினை. ஒரு பகல், சோறு தின்று முகாமே கண்ணயர்ந்திருந்த நேரம், தாத்தா அந்தப் பாடத்தைத் தொடங்கினாள். "புவியின் வெளிப்புறம் ஓடு. ஓடு ஒரே துண்டு அல்ல. ஓடு நகர்கிறது." அதற்கு அடுத்த வரி அவளுக்கு வரவில்லை. அடுத்தது வராவிட்டால் கடைசிச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லுவது அவள் பழக்கம், ஒவ்வொரு தரமும் கொஞ்சம் உரக்க. "ஓடு... ஓடு... ஓடு..."

பக்கத்துக் கூடாரத்தில் ஒரு மாமி படுத்திருந்தார். ஆள் கனத்த ஆள், எழுந்து நிற்கவே இரண்டு பேர் வேண்டும் என்று தினமும் முறையிடுகிறவர். அன்று ஒருவரும் தேவைப்படவில்லை. "யா அல்லாஹ், ஓடட்டாம்" என்று ஒரு சத்தம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாமி ஓட, மாமியைப் பார்த்து அடுத்த கூடாரம் ஓட, அடுத்ததைப் பார்த்து எல்லாரும் ஓடினோம். தாத்தாவும் ஓடினாள், என்னையும் இழுத்துக்கொண்டு, தான் சொன்ன பாடத்துக்குத் தானே பயந்து. வயலில் நெல் முற்றிச் சாய்ந்திருந்தது. அதற்குள் விழுந்து எழும்பி, காலெல்லாம் கீறி, வாய்க்காலைக் கடந்து சொறிக்கல்முனைப் பக்கத்து வரம்பில் போய்த்தான் நின்றோம்.

அங்கே நின்று எல்லாரும் கிழக்கே பார்த்தோம். கடல் வரவில்லை.

"ஆரு சொன்ன கடல் வருதெண்டு?" என்று ஒருவர் கேட்டார்.

"எனக்கு ஆரு சொல்லணும்? பக்கத்துக் கூடாரத்துல ஓடு ஓடு எண்டு கத்தின சத்தத்துலதான் நான் எழும்பின" என்றார் மாமி, மூச்சு வாங்கிக்கொண்டு.

எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். தாத்தா மெல்லிய குரலில் சொன்னாள். "நான் பாடம் சொன்னன் மாமி. அது வேற ஓடு."

இன்றைக்கு இதைச் சொன்னால் நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறீர்கள். அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு கிழவருக்குக் கால் சுளுக்கியிருந்தது, நெல் மிதிபட்ட வயல்காரர் வரம்பில் நின்று ஏசினார், பிள்ளைகள் அழுகையை நிறுத்தவில்லை. கூடாரத்துக்குத் திரும்பியதும் வாப்பா சொன்னார்.

"படிச்சது போதும். சம்மாந்துறையால கேட்ட இடத்துக்கு நான் ஓம் எண்டு சொல்லப் போறன். வெள்ளிக்கிழம ஜும்மா முடிய வருவாங்க."

சம்மாந்துறையில் வயல் உள்ள ஒரு குடும்பம், வீடு வாசல் எதுவும் கேட்க மாட்டோம், பெண்ணைத் தந்தால் போதும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நல்ல மனிதர்கள். அவர்கள்மேல் இன்றைக்கும் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பெண்ணை உடனே கேட்டார்கள். நாங்களும் கூடவே கடலுக்குத் தூரமான அந்த ஊருக்குப் போய்விட வேண்டும், வாப்பா வயலில் வேலை செய்வார், கடல் பக்கம் இனி தலைவைத்தும் படுப்பதில்லை என்பது வாப்பாவின் திட்டம்.

"சோதின மட்டும் எழுதிட்டு வாறன் வாப்பா" என்றாள் தாத்தா.

"எங்க எழுதப் போறாய்? அந்தக் கடலுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துலயா? தரைய நம்பி வீடு கட்டினன் மகள். தரையே போயிட்டு. இனி நான் எத நம்பி உன்ன அங்க அனுப்புற?"

அப்போது அவர் மனம் இரும்பு என்று நினைத்தேன். என் பிள்ளையைத் தனியாகப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு வாசலில் நிற்கிற இந்த வயதில்தான் தெரிகிறது, அது இரும்பு இல்லை, வெறும் பயம். அன்று காலையில் வாப்பாவும் அவருடைய தோணிக் கூட்டாளியும் கரையில் நின்றார்கள். முதலில் தண்ணீர் கொஞ்சம் ஏறி வந்தது. பிறகு என்றும் இல்லாத தூரத்துக்குப் பின்னால் போனது. வெறும் மணலில் மீன் துள்ளியது. கூட்டாளி சிரித்துக்கொண்டே பொறுக்கப் போனார். வாப்பா கூடை எடுக்க மேலே வந்தார். அவ்வளவுதான் இரண்டு பேருக்கும் இருந்த வித்தியாசம்.

அதன் பிறகு தாத்தா பாடம் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு பாயோடு விளையாடினாள். முதலில் எனக்குப் பயமாக இருந்தது, பெண்ணுக்குப் புத்தி கலங்கிவிட்டதோ என்று. அப்புறம் பார்த்தால், விளையாட்டு இல்லை. பாயின் இரண்டு ஓரத்தையும் பிடித்து மெதுவாக நடுவுக்குத் தள்ளினாள். பாய் நடுவில் கும்மென்று எழும்பியது.

"இதென்ன தெரியுமா?"

"பாய்."

"மலை" என்றாள். "தரை ரெண்டு பக்கத்தாலயும் நெருக்குப்பட்டா எங்க போறது? மேலதான் போகணும்."

அடுத்ததாக, பாயின் ஓரத்தை நிலத்தோடு அழுத்தி வளைத்துப் பிடித்து, சட்டென்று விட்டாள். டப்பென்று ஓரம் மேலே அடித்தது. அதன்மேல் இருந்த என் தேத்தண்ணிக் கோப்பை கவிழ்ந்தது.

"இதுதான் சுனாமி."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கடல் பொங்கவில்லை, தரை தூக்கியிருக்கிறது! இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு இருக்க முடியுமா? என்னால் முடியாது என்று உங்களுக்குத் தெரியும். தண்ணீர் பவுசர் வண்டிக்கு வரிசையில் நின்றவர்களிடமெல்லாம் சொன்னேன். உம்மாவுக்கோ வேறு கவலை. வெள்ளிக்கிழமை வருகிறவர்களுக்கு விரிக்க அந்த ஒரு பாய்தான் இருந்தது. நல்ல தண்ணீரில் ஊறப் போட்டு மெதுவாக்க வேண்டும் என்றாள். ஊறினால் விறைப்புப் போய்விடும், விறைப்புப் போனால் தரை எழும்பாது. "ஒரு ரெண்டு நாள் பொறுங்க உம்மா" என்று தாத்தா கெஞ்சினாள்.

அந்த இரண்டு நாளுக்குள்தான் மலைநாட்டு சேர் வந்தார். தேயிலைத் தோட்டப் பக்கத்திலிருந்து தொண்டுக்கு வந்த இளைஞர். முகாம் முகாமாகப் போய் இந்த ஓட்டத்தை நிறுத்துவதற்கு என்ன செய்யலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளைக் கூட்டி வைத்து, "கடல் எதனால வந்துச்சு, யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார்.

நீங்கள் எல்லாரும் ஒரே குரலில், "பொங்கின சேர்" என்றீர்கள்.

நான் எழும்பி நின்றேன். "பொங்கல்ல சேர். கடலுக்கு அடியில தரை எழும்பின. எங்கட தாத்தா சொல்லுவா."

சேரின் முகம் மலர்ந்தது. எங்கள் பேச்சில் சொல்லுவா என்றால் பெண். அவர் காதில் அது சொல்லுவாரு என்று விழுந்திருக்கிறது, வாலைத்தான் பிள்ளை விழுங்கிவிட்டது என்று.

"தாத்தா நிறையப் படிச்சிருக்காங்களா?"

"எல்லாம் படிச்சி முடிச்ச சேர். புத்தகமெல்லாம் கடல்ல போயிட்டு. இப்ப எல்லாம் தலைக்குள்ளதான் இரிக்கி."

"ரொம்ப வயசாச்சா?"

"எங்கட வீட்டில அவதான் மூத்த."

"நடமாட்டமெல்லாம் இருக்கா?"

இதென்ன கேள்வி என்று யோசித்தேன். அந்த ஓட்டத்துக்குப் பிறகு வாப்பா தாத்தாவை வெளியே போகக் கூடாது என்று சொன்னது ஞாபகம் வந்தது. "இல்ல சேர். எந்நேரமும் பாயிலதான் இரிப்பா."

அன்று மாலையே ஒலிபெருக்கியில் அறிவிப்பு. நாளை அசர் தொழுகை முடிந்து, முகாமில் இருக்கும் கல்விமானான ஒரு பெரியவர் கடல் ஏன் வந்தது என்று விளக்குவார், அனைவரும் வரவும். ஒரு பெயரும் சொல்லவில்லை. வாப்பா கேட்டுவிட்டு, "ஆரோ மூத்த மனிசன் போல, போய்க் கேக்கத்தான் வேணும்" என்றார். எனக்கு மட்டும் அந்தப் பெரியவர் யார் என்று ஒரு சந்தேகம் வந்தது. மறுநாள் பகலில் மேடைப் பக்கம் போய்ப் பார்த்தேன். சாய்மணைக் கதிரை, அதற்கு ஒரு தலையணை, குடிக்க நெல்லிச் சாறு, பக்கத்திலே வெற்றிலை துப்பப் படிக்கம். பள்ளிவாசல் மரைக்கார் ஒரு சால்வைகூட அனுப்பியிருந்தார்.

ஓடி வந்து தாத்தாவிடம் சொன்னேன். அவள் முகம் வெளுத்தது.

"என்னடி செஞ்சி வெச்சிரிக்காய்?"

"நான் பொய் சொல்லல்ல. நீங்கதானே தாத்தா?"

என்னை அடிக்கப் போகிறாள் என்று கண்ணை மூடினேன். சிரிப்புச் சத்தம் கேட்டது. கடல் வந்த நாளிலிருந்து அவள் சிரித்து நான் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. அவள் பர்தாவைச் சரி செய்துகொண்டாள், பாயின் ஒரு தலைப்பைத் தூக்கினாள்.

"மறு தலைப்பப் பிடி. வழியில சமையல் கொட்டில்ல ஒரு சோத்துச் சஹன் எடுத்திட்டு வா."

கூட்டம் நிறைந்திருந்தது. ஆண்கள் முன்னால், பெண்கள் ஓரத்தில், மரைக்கார் முன்வரிசை நடுவில். மலைநாட்டு சேர் ஒலிவாங்கியில், "பெரியவர் அவர்களை மேடைக்கு அழைக்கிறேன்" என்றார். விறைத்த பாயோடு நாங்கள் ஏறினோம். முதலில் எல்லாரும் கதிரைக்குப் பாய் போட வந்தவர்கள் என்றுதான் நினைத்தார்கள். சேர் என் காதில், "தாத்தா எங்கம்மா?" என்று கேட்டார். நான் கையைக் காட்டினேன். அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

"இவளா? அண்டைக்கு ஓடு ஓடு எண்டு எல்லாரையும் ஓட்டினவ?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "பொம்புளப் புள்ள மைக்கப் பிடிச்சிக் கதைக்கிறயா?" என்று இன்னொரு குரல். வாப்பா எங்கேயோ கூட்டத்தில் நிற்கிறார் என்று எனக்குத் தெரியும்.

மரைக்கார் எழும்பினார். அவருடைய குடும்பத்தில் ஒருவரும் மிஞ்சவில்லை என்பதால் அந்த நாட்களில் அவர் எழும்பினால் எல்லாரும் அடங்கிவிடுவார்கள். "கடல் ஆம்புளயா பொம்புளயா எண்டு பாத்து வரல்ல" என்றார். "கதைக்கட்டும்."

தாத்தா இரண்டு மேசையைச் சேர்த்துப் போட்டாள். அதில் முகாமில் தந்த சாதாரணப் பாயை விரித்து, அதன்மேல் கலியாணப் பாயை வைத்தாள்.

"அண்டைக்கு உங்களையெல்லாம் ஓட்டின ஓடு இதுதான்" என்று தொடங்கினாள். ஒலிவாங்கியில் அவள் குரல் கணீரென்று வந்தது. "பூமிக்கு மேல ஓடு இரிக்கி, முட்டைக்கு இரிக்கிற மாதிரி. ஆனா வெடிச்ச ஓடு. பெரிய பெரிய துண்டுகள். ஒவ்வொண்டும் நகம் வளர்ற வேகத்துல நகருது. நாம இரிக்கிறதும் ஒரு துண்டுலதான். அது வடக்கால போய் முட்டி, அவடத்துத் தரை இப்பிடி எழும்பின." நாங்கள் இரண்டு பக்கமும் தள்ளினோம். பாய் எழும்பியது. "உலகத்துலயே பெரிய மலை அப்பிடித்தான் வந்த."

"அது மலை. கடலுக்கு என்ன?" என்றார் ஒருவர்.

"அதே துண்டுதான் கிழக்கால, சுமாத்திராப் பக்கம், மத்தத் துண்டுக்குக் கீழ நுழையுது." சஹன் என்ற அந்த அகன்ற சோற்றுத் தட்டில் தண்ணீர் ஊற்றிக் கலியாணப் பாயின் ஓரத்தில் வைத்தாள். ஓரத்தை விரலால் அழுத்திக்கொண்டு, என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். நான் கீழ்ப்பாயை உள்ளுக்கு இழுத்தேன். மேற்பாயின் ஓரம் அதோடு சேர்ந்து கீழே வளைந்தது, வளைந்துகொண்டே போனது. "பாத்துக்கங்க. கீழுள்ளது மேலுள்ளதையும் இழுத்திட்டுப் போகுது. எத்தின நூறு வருஷம் இப்பிடி இழுத்த எண்டு தெரியா. அண்டைக்கு விடியக்காலம்..."

விரலை எடுத்தாள்.

டப் என்று பாய் சஹனின் அடியில் அடித்த அடியில் தண்ணீர் எழும்பி முன்வரிசைமேல் பாய்ந்தது. மரைக்காரின் சட்டை நனைந்தது. முன்வரிசை முழுக்கத் துள்ளி எழும்பியது. பக்கத்துக் கூடாரத்து மாமி செருப்பைத் தேடத் தொடங்கிவிட்டார். ஒரு நொடி, எல்லாரும் ஓடப் போகிறோம் என்று நினைத்தேன்.

மரைக்கார் சட்டையைப் பிழிந்துகொண்டு கேட்டார். "இது பொங்கின தண்ணியா புள்ள?"

"நீங்கதான் சொல்லணும் மரைக்கார். சுடுதா?"

அவர் கையை முகத்தில் துடைத்துப் பார்த்தார். "இல்ல. பச்சத் தண்ணி."

முதலில் பெண்கள் பக்கத்தில்தான் சிரிப்பு வெடித்தது. அப்புறம் முழு வளவும் சிரித்தது. மாமி செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த முகாம் அதற்கு முன்னால் சிரித்ததே இல்லை.

சிரிப்பு அடங்கிய நேரத்தில் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. வாப்பாவின் குரல்.

"அப்ப ஏன் முதல்ல சின்னதா வந்து, பின்னுக்குப் போய், மறுகா பெரிசா வந்த?"

எல்லாரும் திரும்பினார்கள். அவர் ஏன் கேட்கிறார் என்று தெரிந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தாத்தா சஹனைக் காட்டினாள். தண்ணீர் இன்னும் அதற்குள் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"ஒரு தரம் தூக்கினா தண்ணி ஒரு தரத்தோட நிக்காது வாப்பா. ஆடும். கரையில வரும், பின்னுக்குப் போகும், திரும்ப வரும். கடல் அப்பிடிப் பின்னுக்குப் போனா அது நமக்குச் சொல்ற செய்தி. மீன் பொறுக்கப் போகக்கூடா. மேல ஓடணும். அண்டைக்கு அவடத்துல தரை எழும்பி, தண்ணி இஞ்ச வந்து சேர ரெண்டு மணித்தியாலத்துக்குக் கிட்டப் போன. ஆராவது ஒருத்தர் நமக்குச் சொல்லியிருந்தா எல்லாரும் பெரிய றோட்டத் தாண்டியிருப்பம்."

தாத்தா சஹனை இரண்டு கையாலும் பிடித்துத் தண்ணீரின் ஆட்டத்தை நிறுத்தினாள்.

"கடல் கள்ளன் மாதிரி வாறல்ல வாப்பா. நமக்குத்தான் அடையாளம் தெரியாம இரிந்த. அடையாளம் தெரிஞ்சா கரையில இரிக்கலாம், கடலுக்குப் போகலாம், பள்ளிக்கூடமும் போகலாம். அதப் படிக்கத்தான் நான் கேக்கிறன்."

வாப்பா கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடைக்கு வந்தார். என்ன செய்யப் போகிறாரோ என்று நான் பாயைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவர் குனிந்து பாயின் ஓரத்தைத் தடவினார். அடித்த அடியில் பன் முறிந்து, ஓரம் பிளந்திருந்தது.

"பாய் முறிஞ்சி போயிட்டு" என்றார்.

"ஓம் வாப்பா."

"இனி இத மாப்பிள வீட்டாருக்கு விரிக்க ஏலா." பிறகு மேசை ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், தோணி ஓரத்தைப் பிடிப்பதுபோல. "இன்னொருக்கால் தூக்கிக் காட்டு மகள். பின்னுக்கு நிண்டதுல எனக்குச் சரியா விளங்கல்ல."

அவ்வளவுதான். அதுதான் நான் சொன்ன வெற்றி. முறிந்த பாயிலே அன்று அவள் அதை எத்தனை தரம் தூக்கிக் காட்டினாள் என்று தெரியாது. சம்மாந்துறைக்கு வாப்பா, பிள்ளை சோதினை எழுதட்டும், பொறுக்க முடியாவிட்டால் வேறிடம் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். அவர்கள் வேறிடம் பார்த்தார்கள், நல்லாயிருக்கட்டும். வேறு முகாம்களும் தாத்தாவைக் கூப்பிட்டன. அதற்குப் பிறகு நம் முகாமில் ஒருவரும் நாய்க்கு ஓடவில்லை. வாப்பா கடலுக்குப் போனார். முதல் நாள் கரையில் நின்று தண்ணீரை நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஒழுங்காத்தான் நிக்கி" என்று சொல்லிவிட்டுத் தோணியைத் தள்ளினார். தாத்தா கடலுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலேயே சோதினை எழுதினாள், பாஸானாள், கெம்பஸுக்குப் புவியியல் படிக்கப் போனாள்.

யுத்தம் முடிந்த வருஷம் இரண்டு வேன் பிடித்து மலை பார்க்கப் போனோமே, நினைவிருக்கிறதா? நம் கரையில் நின்று மேற்கே பார்த்தால் நீலமாகத் தெரியும் மலை. பிறந்த நாளிலிருந்து பார்த்த மலை, ஆனால் பக்கத்தில் போக நம்மில் ஒருவருக்கும் வாய்த்ததில்லை. வழியில் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் ஒருவர் வேனுக்குள் எட்டிப் பார்த்து, இது யார், அது யார் என்று விசாரித்தார். நான் தாத்தாவைக் காட்டி, "தாத்தா" என்றேன். சிங்களத்தில் தாத்தா என்றால் தகப்பன். அவர் தாத்தாவைப் பார்த்தார், வாப்பாவைப் பார்த்தார், சிரித்துக்கொண்டே றோட்டை மறித்திருந்த தடியை உயர்த்திவிட்டார். அந்தச் சொல் எங்களுக்குத் திறந்த கதவுகள் இத்தனை.

மேலே ஏறினோம். கீழே வயல், அதற்கப்பால் தென்னை, அதற்கப்பால் கடல் ஒரு கோடு. உம்மா பெட்டியைத் திறந்து புரியாணியைச் சஹனில் போட்டாள். தாத்தா வெறும் பாறையைக் கையால் தட்டிப் பார்த்தாள். இது தரைக்கு வெகு கீழே வெந்து நெருக்குப்பட்ட கல், மெல்ல எழும்பி வந்தது, மேலே இருந்ததெல்லாம் மழையில் கரைய எஞ்சி நிற்பது என்றாள். நம்மைத் தாக்கிய அதே அசைவில், சுமாத்திராப் பக்கத்தில் சில தீவுகளின் கரைகள் தண்ணீருக்கு மேல் எழும்பிவிட்டன, கடலுக்கு அடியில் கிடந்த பவளப்பாறை இன்று வெயில் காய்கிறது என்றாள். நம்மில் சின்னவர் ஒருவர் வாயைப் பிளந்துகொண்டு, "கல் எப்பிடி எழும்பும்?" என்று கேட்டார்.

தாத்தா வாயைத் திறப்பதற்கு முன்னால் வாப்பா எழும்பினார். வேனிலிருந்து தானே தூக்கிக்கொண்டு வந்த ஒரு பாயை விரித்தார். ஓரம் பிளந்த பழைய பாய். இத்தனை வருஷத்தில் விறைப்பெல்லாம் போய்த் துவண்டு கிடந்தது. "அந்தப் பக்கம் பிடிங்க, தள்ளுங்க" என்று நம்மை ஏவினார். தள்ளினோம். எழும்பவில்லை. இன்னும் தள்ளினோம். நடுவில் ஒரு சுருக்கம் மட்டும் விழுந்தது. நாம் சிரித்தோம். அவர் சளைக்கவில்லை. சுருக்கத்துக்கு அடியில் தன் இரண்டு கையையும் நுழைத்து, பாயை மலையாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"விளங்குதா புள்ளயள்?" என்றார். "தரை நகரும், எழும்பும், விழும். தரைய நம்பி ஒண்டும் செய்ய ஏலா." பாய்க்கு மேலால் எட்டி, தாத்தாவை நோக்கித் தாடியை அசைத்தார். "இந்தா நிக்கிறா என்ட மகள். இவள நம்பித்தான் நான் கரையில இரிக்கன்."